சீனி உள்ளவரின் நலிவை வீட்டிலேயே அளப்பது

கிளினிக் கொப்பியின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சீனியின் அளவு இருக்கும். பிரஷர் இருக்கும், பெரும்பாலும் நிறையும் இருக்கும். அந்தக் கொப்பிக்குரியவர் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புகிறாரா, பிலிமத்தலாவை டவுனில் கொழும்பு - கண்டி வீதியைத் தயங்காமல் கடக்கிறாரா என்பதை அதில் தேடினால் கிடைக்காது. ஐம்பது வயதுக்காரருக்கு அது பெரிய குறையல்ல. எழுபதைத் தாண்டியவருக்கு நிலைமை வேறு. அவருடைய சீனியை எவ்வளவு இறக்கலாம், எந்தக் குளிசை ஆபத்து, ஒரு காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் எவ்வளவு கவனம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு இரத்தப் பரிசோதனை பாதி விடையைத்தான் தரும். மீதிப் பாதி அவருடைய கால்களில் இருக்கிறது.

வீட்டில் வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த அத்தியாயம். தேவைப்படுவது தையல் டேப் ஒன்று, கைப்பிடியில்லாத கதிரை ஒன்று, நேரம் பார்க்க ஒரு போன்.

நலிவு என்பது வயதல்ல, ஊனமுமல்ல. உடம்பின் கையிருப்பு குறைந்துபோன நிலை அது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து போனபின் ஆள் பழைய நிலைக்குத் திரும்பமாட்டார். இதை அளக்கத்தக்க ஒன்றாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீட். 2001இல் அவரும் சகாக்களும் ஐந்து அறிகுறிகளை வகுத்தார்கள்: முயற்சியில்லாமல் நிறை குறைதல், எந்நேரமும் களைப்பு, கைப்பிடியின் பலவீனம், நடையின் மெதுவு, அன்றாட அசைவு குறைதல். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவுக்கு முந்திய நிலை.

நம் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கினால் வரும் கேகாலை மாவட்டத்தின் கிராமங்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 746 பேரை தம்மிகா தீபானி சிறிவர்தனவும் சக ஆய்வாளர்களும் இதே ஐந்து அறிகுறிகளைக் கொண்டு பரிசோதித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. 15.2 சதவீதத்தினர் நலிவடைந்திருந்தார்கள், 48.5 சதவீதத்தினர் முந்திய நிலையில் இருந்தார்கள். அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். ஏறக்குறைய இருவரில் ஒருவர் இன்னும் திரும்பி வரக்கூடிய இடத்தில் நிற்கிறார் என்பது அதன் பொருள். சீனியின் கணக்கை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். 2005-06இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2018-19இல் நடந்த இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வில் அது 23 சதவீதம். ஆய்வு முறைகள் வேறானாலும் போகும் திசையில் சந்தேகமில்லை. அன்று ஐம்பதுகளில் சீனி பிடித்தவர்கள் இன்று எழுபதை எட்டியிருக்கிறார்கள்.

சீனி தசையை ஏன் தின்கிறது? தசைக்குள் சீனியைச் சேர்ப்பதும் தசையைக் கட்டிக்காப்பதும் இன்சுலினின் வேலை. இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காமல் போகும்போது இரண்டும் கெடுகின்றன. நரம்பும் சிறு இரத்தக்குழாய்களும் பழுதாவதும், நாட்பட்ட உள் அழற்சியும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவில் 70 முதல் 79 வயது வரையான 1,840 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாக உதவும். சீனி உள்ளவர்களின் கால் பலம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதிகமாகக் குறைந்தது. கை பலம் குறைந்ததில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை.

ஆகவே கையைப் பார்த்து ஏமாறக்கூடாது. பிலிமத்தலாவைப் பக்கத்தில் பித்தளைப் பட்டறையில் ஆயுள் முழுக்கச் சுத்தியல் பிடித்தவரின் கைகுலுக்கல் எழுபத்தைந்திலும் எலும்பை நோகவைக்கும். அதே ஆள் கக்கூஸிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிப்பார். கைப்பிடி மானி என்றொரு கருவி உண்டு. ஆசியர்களுக்கு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்று 2019இல் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போதாததற்கு, நாட்பட்ட சீனியில் விரல் மூட்டுகள் விறைத்து, சில விரல்கள் மடங்கிக் கொளுவிக்கொள்வதுமுண்டு. அப்போது கைப்பிடி குறைவது தசையால் அல்ல, மூட்டால்.

இங்கேதான் சீனி உள்ளவரை அளப்பதன் சிக்கல் தொடங்குகிறது. ஃபிரீடின் ஐந்து அறிகுறிகளில் ஒவ்வொன்றுக்கும் சீனியிலேயே ஒரு போலி இருக்கிறது. நிறை குறைகிறதா? சீனி கட்டுமீறி ஏறினாலும் குறையும். மெட்ஃபோர்மின் சிலருக்குப் பசியைக் கெடுத்து வயிற்றைக் கலக்கும், அதிலும் குறையும். களைப்பா? இரவில் சீனி இறங்கி ஏறியதாக இருக்கலாம். பல வருடம் மெட்ஃபோர்மின் குடித்தவருக்கு பி12 விற்றமின் குறைந்திருக்கலாம். இரத்தசோகை, தைரொயிட், சிறுநீரகம், மனச்சோர்வு என்று வரிசை நீளும். நடை மெதுவா? பாதம் மரத்திருக்கலாம், கண் மங்கியிருக்கலாம், எழும்பியவுடன் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். வெளியே போவதையே விட்டுவிட்டாரா? வழியில் சீனி இறங்கிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். பலதும் மருந்தால் சரிசெய்யக் கூடியவை. அவற்றை முதுமை என்று எழுதித் தள்ளிவிட்டால் சரிசெய்யும் வாய்ப்பும் போய்விடும். அளப்பதன் முதல் பயனே இந்தப் போலிகளைத் தேடிப் பிடிக்கத் தூண்டுவதுதான்.

போலிக்கு எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்படும் வீடுகள் நிறைய. ஐந்தாறு மாதமாகச் சீனி தானாகவே நன்றாக வந்துகொண்டிருக்கிறது. பாஸ்டிங் நூறுக்குக் கீழே. “உம்மாக்கு இப்ப சீனி இல்ல, நல்லா கொன்ட்ரோல்” என்று மகள் சொல்வார். உம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால், காலையில் இரண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும், பகலில் ஒரு பிடி சோறு, இரவில் எதுவும் வேண்டாம் என்பார். நிறை குறைந்து, சாப்பாடு குறைந்து, சிறுநீரகம் மருந்தை வெளியேற்றுவதும் மெதுவாகிவிட்ட உடம்பில் பழைய அளவு குளிசை இப்போது அதிகமாகிவிட்டது. அடுத்த கட்டம் விடியற்காலையில் சீனி இறங்கி விழுவது. குறிப்பாகக் கிளிபென்கிளமைட் போல நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசை, கலவை இன்சுலின் ஆகியவை எடுப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. மருந்தைக் கூட்டாமலே சீனி நன்றாக வரத் தொடங்கினால், அன்றைக்கே நிறையைப் பாருங்கள்.

இனி அளப்பதற்கு வருவோம். ஒரு நாளில் எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து, சீனி இறங்காத நேரத்தில் எடுங்கள். நோன்பு மாதத்தில் வேண்டாம். அந்த அளவுகளை மற்ற மாதங்களோடு ஒப்பிட முடியாது. காய்ச்சல், நெஞ்சு நோ, தலைசுற்று இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

நடையை முதலில் பார்ப்போம். நம் ஊரில் சமதரை நாலு மீட்டர் கிடைப்பதே ஒரு வேலை. வீட்டு வாசலுக்கு மூன்று படி, அதற்கப்பால் ஏற்றம். மேட்டில் அளந்த நடை எதற்கும் ஒப்பிட உதவாது. விறாந்தை, கோயில் மண்டபம், பள்ளிவாசல் முற்றம், ஸ்டேஷன் மேடை என்று சமமான இடமொன்றைத் தேர்ந்து, எப்போதும் அதே இடத்திலேயே அளந்து பாருங்கள். தரையில் நாலு மீட்டருக்கு இரண்டு கோடு. முதற்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்து நடக்கத் தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் போய் நிற்க வேண்டும். தொடங்கும்போதும் நிற்கும்போதும் வரும் தயக்கம் கணக்கில் சேராதிருக்க இந்த ஏற்பாடு. “கடைக்குப் போற மாதிரி சும்மா நடங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பரீட்சை என்று தெரிந்தால் எல்லாரும் விறைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். நீங்கள் முன்னால் நடக்கவேண்டாம். அவர் உங்கள் வேகத்துக்கு வருவார். சற்றுப் பின்னால், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் இருங்கள். ஊன்றுகோல் வழக்கமாகப் பிடிப்பவர் அதோடு நடக்கட்டும். வழுக்கும் செருப்பு வேண்டாம். இரண்டு முறை நடக்கவிட்டு நல்லதை எழுதுங்கள்.

ஐந்து வினாடிக்கு மேலே போனால் நலிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொன்ன எல்லை. ஐந்து வினாடி என்றால் வினாடிக்கு 0.8 மீட்டர். ஆசியர்களுக்கான 2019 வழிகாட்டல் இன்னும் கடுமையானது. வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலே கவனிக்கச் சொல்கிறது. பாதசாரிக் கடவைகளின் விளக்குக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு வினாடிக்கு 1.2 மீட்டர். பஸ்ஸும் லொறியும் ஓயாத வீதியை நம் பெரியவர்கள் ஏன் கைதூக்கிக்கொண்டே கடக்கிறார்கள் என்பது இதில் விளங்கும்.

ஐந்து வினாடிக்கு மேல் எடுத்தவரின் பாதம் மரத்திருக்கிறதா என்பதையும் உடனே பாருங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட எளிய வழி இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொடுங்கள். அமுக்கவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். நடையின் மெதுவுக்குக் காரணம் தசை மட்டுமல்ல என்று அப்போது வைத்தியரிடம் சொல்லலாம்.

ஒரேயொரு அளவுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் நான் கதிரையை எடுப்பேன். மலைப்பாங்கான ஊரில் நடையைவிட அது நேர்மையானது. பாதம் மரத்தவருக்கும் தொடையின் பலத்தை ஓரளவு தெளிவாகக் காட்டும். முழங்கால் தேய்ந்து நோகிறவருக்கு மட்டும் இதை நம்பவேண்டாம். கதிரையின் உயரம் 43 முதல் 46 சென்ரிமீட்டர் இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை டைல் தரையில் சறுக்கும். கதிரையின் முதுகைச் சுவரோடு முட்டவைத்துத்தான் ஆளை உட்காரவைக்க வேண்டும். மரக்கதிரை கிடைத்தால் நல்லது. சோபா உதவாது. இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு ஒருமுறை எழும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்தி, “கையூன்றாமல் எழும்ப ஏலாது” என்று எழுதுங்கள். அதுவே ஓர் அளவுதான். முடிந்தால் ஐந்து முறை, நேராக நிமிர்ந்து நின்று உட்கார்ந்து, ஐந்தாவது முறை நிற்கும்வரை நேரத்தை எடுங்கள். ஆசிய எல்லை 12 வினாடி. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கால் பலம் குறைகிறது என்று கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருந்தவர் எழும்பியதும் கண் இருண்டது என்றால் பிரஷரைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுக்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். மேல் எண் 20 இறங்கினால் அது தனிப் பிரச்சினை.

கெண்டைக்கால் அளவு மிகச் சுலபம். உட்காரவைத்து, மிகப் பருத்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்ரிமீட்டருக்குக் குறைந்தால் தசை குறைந்திருக்கலாம். டேப்பும் இல்லையா? ஜப்பானில் கஷிவா நகர முதியோரிடம் சோதித்த வழியில், அவருடைய இரண்டு பெருவிரலையும் இரண்டு ஆட்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி அவருடைய கெண்டைக்காலையே சுற்றச் சொல்லுங்கள். வளையம் தளர்ந்து இடைவெளி தெரிந்தால் கவனிக்க வேண்டும். இதிலும் பொறி உண்டு: சிறுநீரகமோ இதயமோ சரியில்லாமல், அல்லது அம்லோடிபைன் போன்ற பிரஷர் குளிசையால் கால் வீங்கியிருந்தால் வீக்கத்தையே தசையென்று அளப்பீர்கள். கணுக்காலுக்கு மேலே விரலால் அமுக்கிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இந்த அளவை விட்டுவிடுங்கள்.

நிறைக்குப் புதிதாக எதுவும் செய்யவேண்டாம். கிளினிக் கொப்பியின் பழைய பக்கங்களைப் பாருங்கள். ஒரு வருடத்தில், வேண்டுமென்று குறைக்காமல், நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால் அது ஓர் அறிகுறி; 60 கிலோக்காரருக்கு மூன்று கிலோ. ஒல்லியானவர்தான் நலிவார் என்று நினைக்க வேண்டாம். வயிறு பெருத்து, கைகால் மெலிந்த உடலமைப்பு நம்மவர்களில் சாதாரணம். அவர்களுக்குக் கொழுப்பு தசையின் இழப்பை மறைக்கும். தராசு வருடக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும், கதிரை மட்டும் உண்மையைச் சொல்லும்.

மறதியையும் சேர்த்துக் கவனியுங்கள், அதற்குச் சோதனை தேவையில்லை. குளிசைப் பொதியில் மாத முடிவில் எவ்வளவு மிச்சம், இன்சுலினை இரண்டு தடவை போட்டாரா என்பதே போதும்.

இந்த எல்லைகளில் பெரும்பாலானவை கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் அளந்து வந்தவை. யட்டிநுவரையில் நெல் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து வளர்ந்த குட்டையான உடம்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அதனால் எல்லையைத் தாண்டினாரா என்பதைவிட, மூன்று மாதத்துக்கு முன் இருந்த தன்னைவிட எவ்வளவு மாறினார் என்பதையே பெரிதாக எடுங்கள். கதிரையில் பத்து வினாடி எடுத்தவர் பதினான்குக்குப் போயிருந்தால், ஆசிய எல்லை என்ன சொன்னாலும், ஏதோ நடந்திருக்கிறது.

அளந்தபின் என்ன? கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, நடை, கதிரை, கெண்டைக்கால், நிறை என ஒரு வரியில் எழுதி, பேராதனையிலோ கண்டியிலோ கடுகண்ணாவையிலோ எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வைத்தியர் முன் அந்தப் பக்கத்தையே திறந்து வையுங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நீண்ட கதைக்கு நேரம் கிடைக்காது. ஒரு வரி வாசிக்கக் கிடைக்கும். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இவருக்கு ஏ1சி எவ்வளவுக்குள் இருந்தால் போதும், டொக்டர்?” ஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2013இல் முதியோருக்கென்று தனி வழிகாட்டல் வெளியிட்டது. தன் காரியங்களைத் தானே பார்க்கும் முதியவருக்கு ஏ1சி 7 முதல் 7.5, நலிவடைந்தவருக்கு 8.5 வரை இருக்கலாம் என்றது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் பல நோய் சேர்ந்த முதியவருக்கு எட்டுக்குக் கீழே என்று தளர்த்திவிடுகிறது. இதைக் கேட்டு நீங்களாகவே குளிசையைக் குறைக்கக்கூடாது. சீனி கட்டுமீறி ஏறினாலும் தசை கரையும். தளர்த்துவது வைத்தியரின் வேலை, தளர்த்தலாம் என்பதற்கான சாட்சியைக் கொண்டுபோவது உங்கள் வேலை.

அளவு திரும்பவும் மேலே வருமா என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 70 வயதுக்கு மேற்பட்ட, சீனியும் நலிவும் அல்லது நலிவுக்கு முந்திய நிலையும் உள்ள 964 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பதினாறு வாரம் தசைப்பயிற்சி, உணவுப் பாடம், ஏ1சியை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் வைத்திருத்தல் ஆகிய மூன்றையும் கொடுத்தார்கள். நடை, கதிரை, சமநிலை மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டுக்குப் புள்ளியிடும் முறையில், ஒரு வருடத்தின் பின் அவர்கள் மற்றவர்களைவிட 0.85 புள்ளி முன்னே நின்றார்கள். பார்க்கச் சிறிய எண். எழுபத்தெட்டு வயதில் கீழே போகவேண்டிய கோடு மேலே திரும்புவது சிறிய காரியமில்லை.

நம் வீட்டில் தசைப்பயிற்சிக்கும் அதே கதிரை போதும். காலையும் மாலையும் ஐந்தைந்து முறை எழும்பி உட்காருவதில் தொடங்கி, பத்தாக்கலாம். ஏற்றப் பாதையில் நடப்பதும் தொடைக்கு நல்ல வேலை, கூட ஆள் இருந்தால். சாப்பாட்டில் சீனிக்குப் பயந்து சோற்றைக் குறைத்தவர்கள் பருப்பையும் மீனையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள், அதுதான் தவறு. முதியவருக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ உம்மாவுக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராமளவில் இருக்கிறது. பருப்பு, கடலை, நெத்தலி, கோழி, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துப் போடவேண்டும். சிறுநீரகம் பாதித்தவர் மட்டும் வைத்தியரிடம் கேட்டபின்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அடிக்கடி அளந்தால் பெரியவருக்கும் சலிக்கும், உங்களுக்கும் சலிக்கும். ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவருக்கு உடம்பு நிலைத்தபின் எடுங்கள். பாதத்தில் புண் இருப்பவரை எந்தக் காரணத்துக்கும் நடக்கவிட்டு அளக்க வேண்டாம், கதிரைச் சோதனையும் வேண்டாம். புண் ஆறும்வரை நிறையும், புண் இல்லாத காலின் கெண்டை அளவும் போதும்.